சென்னிமலையின் கைராசி

சென்னிமலைக்கு மீன் வாசனையே ஆகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கருவாட்டுப் பையோடு வந்து உட்கார்ந்தால், பல்லடம் வரைக்கும் நின்றுகொண்டே வருவார். தறிக்காரர் குடும்பம், முருகன் குடும்பம். கிருத்திகைக்கு விரதம், செவ்வாய்க்கு விரதம், மிச்ச நாளெல்லாம் மரக்கறி என்று ஐம்பத்து மூன்று வருடத்தை ஓட்டியவர். இப்பேர்ப்பட்டவர், கடந்த இரண்டு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை ஒன்று விடாமல் விடிந்ததும் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, மொபெட்டில் ஏறி, பொங்கலூர்ப் பக்கத்துச் செங்காட்டுக் குளத்துக்குப் போய்த் தூண்டில் போட்டு உட்கார்ந்தார்.

பிடித்ததை வீட்டுக்காவது கொண்டுபோவாரா என்றால் அதுவும் இல்லை. ஜிலேபிக் கெண்டை மாட்டினால் முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். கெளுத்தி மாட்டினால் கன்னத்தில் போட்டுக்கொண்டு விடுவார். வீட்டில் சண்டை என்றார்கள் சிலர். பிரஷருக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் என்றார்கள் வேறு சிலர். பக்கத்து பனியன் கம்பெனி பிகார் பையன்கள் இவருக்கு 'மச்லி பாபா', அதாவது மீன் சாமியார், என்று பேர் வைத்து, கரையில் நடக்கும்போது ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்கள்.

மனைவி ஜானகியம்மாள் மட்டும் எந்தக் கதையையும் நம்பவில்லை.

"ஏனுங்க, உங்களுக்கு என்னதானுங்க ஆச்சு? இந்த வயசுல மனுசன் கோயிலுக்குப் போவான், இல்லீன்னா குடிக்கப் போவான். ரெண்டுமில்லாம நீங்க குளத்துக்குப் போறீங்க."

"மனசுக்கு நல்லாருக்குது ஜானகி."

"மனசுக்கு நல்லாருக்கற மூஞ்சியாங்க இது?"

அந்தம்மா கண் தப்பாது. சென்னிமலை பொழுதுபோக்கப் போகவில்லை. தான் விட்ட ஒன்றைத் திரும்பப் பிடிக்கப் போனார்.

விட்ட கதை இப்படி.

சென்னிமலைக்கு வேலை ஒரு சாயப்பட்டறையில். பட்டறையின் பெயர் நமக்கு வேண்டாம். துணிக்குச் சாயம் ஏற்றிய பிறகு மிஞ்சும் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பிளான்ட்டில் ஆபரேட்டர். கருநீலமாகவும் ரத்தச் சிவப்பாகவும் உள்ளே வருகிற தண்ணீர் தொட்டி தொட்டியாக ஏறி இறங்கி, கடைசியில் ஆர்ஓ மெஷினிலிருந்து கண்ணாடி மாதிரி வெளியே வரும். அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்க்கும்போது சென்னிமலைக்கு ஒரு பெருமை வரும். பொய்ப் பெருமை இல்லை. மெஷினைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்பவர் அவர்.

வருடத்துக்கு இரண்டு தடவை துணி வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட்டுக்கு ஆள் வரும். வந்தவர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள், ரிப்போர்ட்டைப் புரட்டுவார்கள், தலையாட்டுவார்கள். ஆனால் அவர்கள் நம்புவது மீனை. பிளான்ட்டின் கடைசியில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் சுத்தம் செய்த தண்ணீர். அந்தத் தண்ணீரில் நாலு மீன் நீந்த வேண்டும். லேப்காரர் கையெழுத்து போட்டால் வராத நம்பிக்கை, மீன் ஒரு தடவை வாலை ஆட்டினால் வந்துவிடும்.

இங்கேதான் சிக்கல். தொட்டியில் விட்ட மீன் இரண்டு நாள் தாங்காது, வயிற்றைக் காட்டிவிடும். தண்ணீர் கெட்டதால் இல்லை. உப்பு, சாரம், சத்து என்று ஒன்று விடாமல் மெஷின் உறிஞ்சிவிட்ட தண்ணீரில் உயிர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? சென்னிமலை இதை மேனேஜர் குகனிடம் விளக்கிப் பார்த்தார். குகன் அவருக்கு மகன் வயசு. படித்த பிள்ளை.

"சார், தண்ணி கெட்டுப்போயி சாகலீங்க. அளவுக்கு மேல சுத்தமா இருக்கறதால சாகுதுங்க."

"சரிங்ணா. இதையே நான் ஆடிட்டர்கிட்டச் சொல்லட்டுங்களா? எங்க தண்ணி ரொம்ப ரொம்ப சுத்தமுங்க, அதனால அதுல உசுரு தங்காதுங்கன்னு?"

சென்னிமலை யோசித்துப் பார்த்தார். சொன்னால் நன்றாக இருக்காது என்றுதான் அவருக்கும் பட்டது.

"மீன் நீந்தோணுங்ணா. எப்படிங்கறது உங்க டிபார்ட்மென்ட்டு."

அந்த டிபார்ட்மென்ட் ஒரு வழி கண்டுபிடித்தது. ஆடிட் அன்றைக்குக் காலையில் செங்காட்டுக் குளத்திலிருந்து நாலு கேன் தண்ணீர். அதைத் துணியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, கடையில் வாங்கிய தங்க மீன்களை விட்டால், மீன் கூத்தாடும். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற குளத்துத் தண்ணீர், பட்டறைத் தண்ணீரின் சுத்தத்துக்குச் சாட்சி சொல்லும். ஆடிட்டர் போட்டோ எடுத்துக்கொள்வார். நல்ல தண்ணீருக்காகப் பொய் சொல்ல வேண்டியிருந்தது சென்னிமலைக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அது டீயோடு சேர்த்து விழுங்கிவிடக்கூடிய அளவு உறுத்தல்.

ஆடிட் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்யச் சொல்வார்கள். வேறொருவராக இருந்தால் மீனைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கை கழுவியிருப்பார். சென்னிமலையால் அது முடியவில்லை. பொய்ச் சாட்சி சொல்ல வைத்துவிட்டுச் சாட்சியைக் கொல்வதா? ஒவ்வொரு தடவையும் பக்கெட்டில் தண்ணீரோடு மீன்களை எடுத்து, மொபெட்டின் முன்பக்கம் வைத்து, தளும்பத் தளும்பக் குளத்துக்குக் கொண்டுபோய் விடுவார். விடும்போது இரண்டு கையையும் தண்ணீருக்குள் வைத்து, "பொழச்சுக்குங்க சாமி" என்பார். தங்க மீன்களை மறுநாளே கொக்கு கொத்திக்கொண்டு போயிருக்கும். அது அவருக்குத் தெரியாது. ஏதோ நல்லது செய்த நிம்மதியில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாசம், மீன் கடையில் தங்க மீன் தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரர் ராபின் நாகர்கோவில்காரர். சென்னிமலையை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை.

"அண்ணாச்சி, தங்கம் நாளைக்குத்தான் வரும். இந்த ரெண்டையும் கொண்டு போங்க."

பென்சில் நீளத்தில் இரண்டு மீன். உடம்பெல்லாம் புள்ளி. மூக்கு மட்டும் கொறடு மாதிரி நீண்டிருந்தது.

"இதென்ன மீனுங்க, மூஞ்சி இப்படி இருக்குது?"

"அலிகேட்டர்னு சொல்லுவாவ. முதலை மூஞ்சி. பாக்கத்தான் அப்படி, ஒரு தொந்தரவும் கெடையாது. ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க, எந்தத் தண்ணியில போட்டாலும் சாகவே சாகாது."

வருடக்கணக்காகச் செத்த மீனை அள்ளிச் சலித்த மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ராபின் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு ஆடிட்டுக்கு வந்த அம்மா அந்த இரண்டு மூஞ்சிகளோடும் செல்ஃபி எடுத்துக்கொண்டார். சாயங்காலம் பக்கெட், மொபெட், குளம், "பொழச்சுக்குங்க சாமி."

அவை சொன்ன பேச்சைக் கேட்டன.

செங்காட்டுக் குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து குடியேறிய ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்த ஒரு குழுவிடம் இருந்தது. தலைவர் பெரியகருப்பன். பேச்செல்லாம் அவருடையது, வேலையெல்லாம் அவர் மனைவி மூக்கம்மாளுடையது. ஐப்பசி மழையில் குளம் நிரம்பியதும் பண்ணையிலிருந்து கட்லா, ரோகு குஞ்சுகள் ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் கவரில் வந்து இறங்கும். கவரை அறுத்து அப்படியே கொட்டிவிட மாட்டார்கள். முதல் கவரைப் புதுப் பானையில் ஊற்றி, பானைக் கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, மடைக் கருப்பன் கல்லுக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைப்பார்கள். பிறகு கைராசி உள்ள பெண் ஒருத்தி அதை எடுத்து, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சாய்த்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் மற்ற கவர்கள்.

பதினோரு வருடமாக அந்தக் கை மூக்கம்மாளுடையது. அவள் விட்டால் விட்டதெல்லாம் தேறும் என்று பேர். அந்தப் பேர் குளத்தோடு நிற்கவில்லை. அந்தத் தெருவில் யாராவது புதுத் தையல் மிஷின் வாங்கினால் முதல் தையல் ஓட்ட மூக்கம்மாளைக் கூப்பிடுவார்கள். அவள் ஒரு துண்டுத் துணியில் நாலு தையல் ஓட்டிக்கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவாள். அவளுக்கு அது சம்பளத்தைவிடப் பெரிய விஷயம்.

சென்னிமலை அந்த இரண்டையும் விட்டுப் போன வருடம், குழுவின் மீன் பாதிகூடத் தேறவில்லை. அதற்கடுத்த வருடம் வலையை இழுத்தால் பாசியும் பழைய செருப்பும்தான் வந்தன. பெரியகருப்பனின் தங்கை விஜயராணி முதலில் சாடையாகச் சொன்னாள், பிறகு நேராகவே சொன்னாள்: "மதினி கையில சூடு ஏறிருச்சு." அந்த மாசம் தெருவில் இரண்டு மிஷின் வந்து இறங்கியது. இரண்டுக்கும் விஜயராணியைக் கூப்பிட்டார்கள்.

அப்படி ஒரு நாள் காலையில்தான் சென்னிமலை கேனோடு தண்ணீர் எடுக்கப் போனார். மூக்கம்மாள் கரையில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கையில ரேகை மாறுமாண்ணே?"

"மாறாதுங்க அம்மிணி. ஏனுங்க?"

"பெறகு எதுக்கு இப்பிடி ஆகுது?"

என்ன ஆச்சு என்று அவர் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, குளத்தின் நடுவில் ஒரு நீளமான முதுகு மேலே வந்தது. கொறடு மாதிரி ஒரு வாய் திறந்து, காற்றை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அவசரமில்லாமல் அமிழ்ந்தது. மூக்கம்மாள் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. சென்னிமலை பார்த்தார். கேன் கையிலிருந்து நழுவி உருண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தூண்டில் வாங்கினார்.

உண்மையைச் சொல்வது ஒரு நிமிஷ வேலை. ஆனால் சொன்னால், எதற்கு மீன் வாங்கினீர்கள், எதற்கு எங்கள் குளத்துத் தண்ணீர் என்று நூல் பிடித்த மாதிரி அது பட்டறைக் கண்ணாடித் தொட்டியில்தான் போய் முடியும். தொட்டியில் முடிந்தால் வேலை முடிந்தது. அதனால் சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். சத்தமில்லாமல் பிடித்து, சத்தமில்லாமல் கொண்டுபோய் ராபினிடமே ஒப்படைத்துவிட்டால் போதும். குஞ்சு தேறும். அந்த அம்மா கையும் தேறும்.

மூன்று மாசம் கோதுமை மாவு உருண்டையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க மூக்கம்மாளுக்கே பாவமாகிவிட்டது.

"மாவுக்கெல்லாம் ஜிலேபிதாண்ணே வரும். பெருசா வேணும்னா கெண்டைப்பொடிக் குஞ்ச உசுரோட கோக்கணும்."

"உசுரோடயா?"

கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவரைப் பார்த்து அவள் சிரித்தாள். "ஆத்தாடி, நல்ல மீன்காரரு! இங்க குடுங்க" என்று வாங்கி, தானே கோத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தன் குஞ்சுகளைத் தின்று கொழுத்த மீனைப் பிடிக்க, அதைக் கொண்டுவந்து விட்டவருக்கே, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் இரை கோத்துக் கொடுத்தாள். தூக்குவாளியில் கொண்டுவந்த டீயிலும் பாதி கொடுத்தாள்.

ஒவ்வொரு வாரமும் அந்த டீ தொண்டையில் இறங்கும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று சென்னிமலை முடிவெடுப்பார்.

"அம்மிணி, ஒரு விசயமுங்க."

"சொல்லுங்கண்ணே."

"வெயில் சாஸ்தியா இருக்குதுங்க."

"ஆமாண்ணே, இருக்கு."

இப்படியே இரண்டு வருடம் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

போன ஐப்பசியில், குஞ்சு விடுவதற்கு ஒரு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தக்கை காணாமல் போனது. சென்னிமலை தூண்டிலை இழுக்கவில்லை. தூண்டில்தான் சென்னிமலையை இழுத்தது. முழங்கால் தண்ணீரில் போய்க் குப்புற விழுந்தவரின் பெல்ட்டை மூக்கம்மாள் பிடித்தாள். மூக்கம்மாளை இரண்டு பிகார் பையன்கள் பிடித்தார்கள். கால் மணி நேரம் கழித்துச் சேற்றில் கிடந்தது மூன்றரை அடி நீளம், முதலை வாய், இரண்டு வரிசைப் பல்.

குளத்தங்கரைக்குக் கூட்டம் எங்கிருந்துதான் வருமோ, வந்துவிட்டது.

"முதலைக் குட்டிங்க!"

"முதலைக்கு ஏதய்யா செதிலு?"

"அரே பாபா, யே தோ மகர்மச்ச் ஹை! முதலை, முதலை!"

"சுனாமில வந்துருக்கும்."

"திருப்பூருக்கு எப்ப ஓய் சுனாமி வந்துச்சு?"

மூக்கம்மாள் ஒரு குச்சியால் அதன் வாயைப் பிளந்து பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"இதுதான்! என் குஞ்செல்லாம் தின்னது இதுதான்! பாத்துக்கங்க எல்லாரும், என் கை இல்ல!"

சென்னிமலைக்கு நெஞ்சில் கிடந்த கல் ஒன்று மெல்ல நகர்ந்தது. சொல்லாமலே சரியாகிவிட்டது என்று நினைத்தார். அந்த நினைப்பு அரை நிமிஷம் நீடித்தது.

பெரியகருப்பன் மீனைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். தலைவர் அல்லவா, விசாரிக்க வேண்டும்.

"சரி, தின்னது இதுதான். இது குளத்துக்குள்ள எப்பிடி வந்துச்சு? வானத்துலருந்து குதிச்சதா? பண்ணைக் குஞ்சோட குஞ்சாத்தான் வந்துருக்கு. பானையச் சாச்சது யாரு?"

"மதினிதான்" என்றாள் விஜயராணி. "கண்ணு தெரியாமத்தான் விட்டாக."

கூட்டம் மூக்கம்மாளைப் பார்த்தது. இதுவரை ராசியில்லாத கை என்றுதான் சொல்லிவந்தார்கள். இப்போது அது குளத்துக்கே எமனைக் கொண்டுவந்த கையாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பானை விஜயராணி கைக்கு என்று அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். மூக்கம்மாள் வலது கையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

சொட்டச் சொட்ட நனைந்து நின்ற சென்னிமலை வாயைத் திறந்தார். "ஒரு விசயமுங்க..."

மொத்தக் கூட்டமும் திரும்பியது. மீன் பிடித்த வீரர் பேசப்போகிறார். பாலிதீன் பையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்த போன் அந்த நேரம் பார்த்துத்தான் அடிக்க வேண்டுமா? குகன்.

"அண்ணா, வீடியோ பாத்தனுங்ணா! சூப்பருங்ணா! மீன் உசுரோட இருக்குதுங்களா? புதன்கிழமை ஆடிட்டு, ஞாபகம் இருக்குதில்ல? அப்படியே தொட்டிக்குக் கொண்டாந்துருங்க. வண்டி அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அத்தனை கண்ணும் அவர் மேல்தான் இருந்தது.

"என்னமோ சொல்ல வந்தீகளேண்ணே?" என்றாள் மூக்கம்மாள்.

"வெயில் சாஸ்தியா இருக்குதுங்க."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

மீன் தொட்டிக்குப் போனது. சென்னிமலைக்கு அந்த வாரம் குளத்துப் பக்கம் கேனோடு போகக் கால் வரவில்லை. வருவது வரட்டும் என்று ஆர்ஓ தண்ணீரையே நிரப்பி அதற்குள் விட்டார். செத்தாலாவது விட்டது சனியன் என்று ஒரு மூலையில் நினைப்பும் இருந்தது. அது சாகவில்லை. மூக்கை மேலே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டு, புதன்கிழமை வரைக்கும் அலுங்காமல் கிடந்தது. அந்தத் தொட்டி பொய் சொல்லாத முதல் ஆடிட் அது.

குகன் ஆடிட்டரிடம் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இது: நாங்கள் தண்ணீரை இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பதால், பக்கத்துக் குளத்தில் அபூர்வ மீனெல்லாம் தானாக வந்து வாழ்கிறது. அதைப் பிடித்தவர் எங்கள் ஆபரேட்டர்தான். ஆடிட்டர் கை தட்டினார். சென்னிமலைக்குப் பொன்னாடை போர்த்தி, தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் இரண்டு பேர் முகமும் விழுந்திருந்தது. மீன் முகத்தில் ஒரு குற்றமும் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பொன்னாடையை மடித்து ஜானகியம்மாளிடம் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். அந்தம்மா வெங்காயம் உரித்தபடியே கேட்டு முடித்தார்.

"இதை அந்தம்மாகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"இல்ல."

"அப்பறம் எனக்கெதுக்குச் சொல்றீங்க? நானென்ன மீனா வளத்தறேன்?"

ஞாயிற்றுக்கிழமை போனபோது எல்லாம் தயாராக இருந்தது. மடைக் கருப்பன் கல்லுக்கு மாலை. புதுப் பானைக்கு மஞ்சள் துணி. மினி லாரியில் குஞ்சுக் கவர்கள். விஜயராணி தலைக்குக் குளித்து, பட்டு கட்டி, பானையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மூக்கம்மாள் கூட்டத்தில் நிற்கவில்லை. தள்ளி ஒரு வேப்ப மரத்தடியில், கவர்களைப் பிரித்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். வேலை மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

தண்ணீர் விஜயராணிக்கு முழங்கால் வரை வந்தபோது, "நிறுத்துங்க!" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று சென்னிமலைக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

வாய் திறந்துவிட்டது. ஆனால் எங்கே ஆரம்பிப்பது? ஆர்ஓ மெஷினில் ஆரம்பித்தார். சுத்தம் செய்த தண்ணீரில் உப்பு எவ்வளவு குறையும் என்று சொன்னார். ஆடிட் என்றால் என்ன என்று சொன்னார். மூன்று நிமிஷம் ஆகியும் மீன் வரவில்லை.

"சாமி, குஞ்சு செத்துரும்" என்றார் பெரியகருப்பன். "சுருக்கச் சொல்லுங்க."

"அந்த மீன நான்தானுங்க விட்டேன்."

விஜயராணி பானையோடு தண்ணீரிலேயே திரும்பினாள்.

"மூணு வருசம் ஆச்சுங்க. கடையில வாங்கி, கம்பெனித் தொட்டில ஒரு நாள் வெச்சுட்டு, சாகடிக்க மனசில்லாம இங்க கொண்டாந்து விட்டுட்டேன். என்ற கையாலதான் விட்டேன். அம்மிணி பானைல வரலீங்க. அவங்க கைமேல ஒரு தப்பும் இல்லீங்க."

மூக்கம்மாள் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். மெதுவாகத்தான் வந்தாள். அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு வருசமா எங்கூட உக்காந்திருந்தீகளே."

"ஆமாங்க."

"நான் இரை கோத்துக் குடுத்தேனே."

"ஆமாங்க."

"டீ குடுத்தேன்."

அவர் பார்வை தூக்குவாளிப் பக்கம் போனது.

"வெயிலு வெயிலுன்னு சொன்னதெல்லாம் இதத்தானா?"

"இதத்தானுங்க."

அவள் திட்டியிருந்தால் தேவலை. பெரியகருப்பன் திட்டத் தயாராகத்தான் இருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டார். மூக்கம்மாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"எத்தனை விட்டீக?"

ஒன்று என்று சொல்லிவிடலாம். பிடித்ததும் ஒன்றுதான். இன்னொன்றை அவரைத் தவிர யாரும் அறியமாட்டார்கள். ஒரு வேளை அது செத்தே போயிருக்கலாம். ஆனால் 'சாகவே சாகாது' என்ற ராபினின் குரல் காதில் கேட்டது.

"ரெண்டுங்க."

விஜயராணி பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பானையோடு ஓடிக் கரையேறினாள்.

மூக்கம்மாள் சிரித்தாள். சிரிப்பில் ஈரம் இல்லை.

"வருசத்துக்குப் பத்தாயிரம் குஞ்சு விட்டேன் நானு. ஒண்ணு தேறல. நீங்க ரெண்டே ரெண்டு விட்டீக, ரெண்டும் தேறிருச்சு. கைராசின்னா உங்க கைதாண்ணே!"

யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சென்னிமலை தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வைக்க அவருக்கு முந்தானையும் இல்லை.

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. வேலையை ஆரம்பித்துவிட்டாள். இன்னொன்று உள்ளே இருக்கும்போது குஞ்சைக் குளத்தில் விட முடியாது. கவரிலேயே வைத்திருந்தால் மத்தியானத்துக்குள் போய்விடும். பனியன் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன நெட் துணி ரோலாகக் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சென்னிமலையின் மொபெட்டிலேயே பிகார் பையன்கள் போய் இரண்டு ரோல் கொண்டுவந்தார்கள். மடைக்குப் பக்கத்தில், கரையோரத் தண்ணீரில் கம்பு நட்டு, துணியைச் சுற்றித் தைத்து, அடியை இறுக்கி, ஒரு பெரிய தொட்டில் மாதிரி கட்டினார்கள். சென்னிமலை கேட்காமலே இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் கம்பு பிடித்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தொட்டில் தயாரானதும் பெரியகருப்பன் பானையை எடுத்தார். தங்கையைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பானையைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார்.

"நீயே விடு."

"ஏன், கையில சூடு இறங்கிருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினாள்.

அவள் இறங்கிப் பானையைச் சாய்த்தாள். நெட் துணிக்குள் குஞ்சுகள் கடுகு சிதறிய மாதிரி சிதறின.

சென்னிமலை கரையேறி, வேட்டியைப் பிழிந்துகொண்டு, மொபெட்டை நோக்கி நடந்தார். மூக்கம்மாளின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"எங்க போறீக?"

நின்றார்.

"இன்னொண்ணு யாரு பிடிக்கிறது? உக்காருங்க."

வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அவள் தூண்டிலையும், கெண்டைப்பொடி கிடந்த சின்ன டப்பாவையும் அவர் முன்னால் வைத்தாள். தூக்குவாளியைத் திறந்தாள். ஒரு டம்ளர் டீ ஊற்றினாள். அதைத் தானே குடித்தாள்.

"இனிமே இரைய நீங்களே கோத்துக்கங்க."

சட்டைப்பைக்குள் பாலிதீன் சுற்றிய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். குகன். யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருப்பார்கள். அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. நாளைக்குப் பட்டறையில் என்ன கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். போனைக் கல் மேல் வைத்துவிட்டு டப்பாவுக்குள் கையை விட்டார்.

விரல் நீளத்துக்கு ஒரு கெண்டைக் குஞ்சு உள்ளங்கையில் துள்ளியது. கண்ணை மூடப் போனார். மூக்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டார். ஒரு கையில் முள், ஒரு கையில் குஞ்சு. பழக்க தோஷம், அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"பொழச்சுக்..."

மிச்சத்தை விழுங்கிக்கொண்டு, முள்ளைக் குத்தினார்.